ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு.

போன மாதம் என் மாப்பிள்ளை ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய சித்தப்பா இருபது வருஷத்துக்கு மேல் போட்டோ ஸ்டுடியோ நடத்தினார். இப்போது கடையை மூடியாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்தால் பிள்ளைகள் படிக்க யாருக்காவது கொடுத்துவிடலாம் என்பது மாப்பிள்ளையின் எண்ணம். அரைமணி நேர வேலை என்று உட்கார்ந்தார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

உள்ளே 'பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால் 'பேக்கப் பழசு'. அதற்குள் 'டி டிரைவ் மொத்தம்'. அதற்குள் மறுபடியும் 'பேக்கப்'. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் மாற்றும்போதும் பழையதை அப்படியே புதியதன் வயிற்றில் போட்டு வைத்திருக்கிறார் மனிதர். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழி என்றால், சில கோப்புகள் மறைகின்றன, பல ஆயிரம் கோப்புகள் மறுக்கின்றன. சிலவற்றுக்கு 'அனுமதி இல்லை' என்கிறது. சிலவற்றுக்குப் பெயர் நீளமாகிவிட்டதாம், அதனால் தொட முடியாதாம்.

"மாமா, கம்ப்யூட்டர் என் கையில இருக்கு, அட்மினிஸ்ட்ரேட்டரும் நான்தான். எனக்கே அனுமதி இல்லைங்குது பாருங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு இது புதிதல்ல. கோப்பை உண்டாக்குவது எளிது, அழிப்பதுதான் கடினம் என்று நாங்கள் படித்த பாடத்தை இந்த இயந்திரமும் எங்கோ படித்திருக்கிறது. எங்கே படித்தது என்று யோசித்துக்கொண்டே போனதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசுக் கடிதம் ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் மேலே 'ந.க. எண்' என்றோ 'ஓ.மு. எண்', 'மூ.மு. எண்' என்றோ பார்த்திருப்பீர்கள். ந.க. என்றால் கோப்பு இன்னும் உயிரோடு நடமாடுகிறது. மற்றவையெல்லாம் அதன் ஆயுள் ஜாதகம். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரியவர்கள் இவற்றை எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்றே சொல்வார்கள். டிஸ் என்பது டிஸ்போசல், பைசல். அசல் காகிதத்தையே வந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் அது என்.டிஸ். டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கும் அலுவலக நடைமுறை இது. சென்னை மாகாணம் போன பிறகும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதன் எலும்புக்கூடு நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கோப்பு எப்போது சாக வேண்டும் என்பதை, அது முடிகிற அன்றே, அதைக் கையாண்ட பிரிவு எழுத்தர் எழுதி அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கிவிடுவார். பத்து வருஷம் கழித்துப் பதிவறையில் நிற்பவனுக்கு அந்த விவகாரத்தின் தலையும் தெரியாது, காலும் தெரியாது. அவன் உறையின் மேல் இருக்கிற இரண்டு எழுத்தை மட்டும் பார்ப்பான். ஆகவே அந்த இரண்டு எழுத்தை எழுதுகிறவன் கைதான் உண்மையில் அழிக்கிற கை.

இந்த ஒழுங்கு வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்த்தால் வயிறு கலங்கும். 1858-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி வந்ததும், லண்டனில் கம்பெனி சேர்த்து வைத்திருந்த காகிதங்களில் 300 டன்னுக்கு மேல் இரண்டே வருஷத்தில் கழிவுத்தாளாக விற்றுக் கூழாக்கிவிட்டார்கள். இடம் போதவில்லை என்பதுதான் காரணம். எந்த ஊர் நெசவாளியின் மனு, எந்த மிராசுதாரின் வழக்கு அதில் போனதோ.

நம் பக்கம் யோக்கியம் என்று சொல்லவில்லை. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். வரகுணபாண்டியன் வைத்திருந்த சுவடிகள் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனால், பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெருப்பு வளர்த்து நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாகப் பதில் வந்ததாம். அழித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு ஒரு விதி இருந்தது, விதிப்படி செய்தார்கள். எனக்கு 300 டன்னைவிட இந்த நெய்தான் அதிகம் உறுத்துகிறது. ஏனென்றால் நானும் விதிப்படி செய்தவன்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் சிறுவயதில் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் பிரெஞ்சுப் புரட்சியை எங்களுக்கு ஊட்டி ஊட்டி வளர்த்தார்கள். பஸ்தீல், கில்லட்டின் எல்லாம் மனப்பாடம். காகிதம் எரித்த கதையை மட்டும் பின்னால் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1793 ஜூலை 17-ஆம் தேதிச் சட்டம் நிலப்பிரபுக்களின் உரிமைகளை நஷ்டஈடு இல்லாமல் ஒழித்தது. அதோடு அந்த உரிமைகளைக் காட்டும் பத்திரங்களை எல்லாம் ஊர்ப் பொதுவில் எரிக்க வேண்டும் என்றும் சொன்னது. எரிக்காமல் ஒளித்து வைத்தால் ஐந்து வருஷம் விலங்கு. அடுத்த வருஷமே, 1794 ஜூன் 25-ல், இன்னொரு சட்டம். காகிதங்களைப் பிரிக்க வேண்டும், உபயோகமானவை ஒரு பக்கம், வரலாற்றுக்கும் கலைகளுக்கும் வேண்டியவை ஒரு பக்கம், வேண்டாதவை அழிவுக்கு என்றது. எந்தக் குடிமகனும் ஆவணக் காப்பகத்தில் வந்து பார்க்கலாம் என்ற உரிமையும் இதே சட்டத்தில்தான் வருகிறது. பிரிக்கும் வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'த்ரியாஜ்'. இன்று ஆஸ்பத்திரிகளில் விபத்து நோயாளிகளை வகை பிரிப்பதற்கும் அதே சொல்தான். யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது. நல்ல தோல் ஏடுகள் பல பீரங்கிக்கு மருந்துப் பை தைக்கப் போயின.

பாண்டிச்சேரியில் இதைவிட முன்னாலேயே பெரிய அழிவு. 1761 ஜனவரியில் லாலி சரணடைந்த பிறகு ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த ஊரின் அன்றாடத்தை இன்று நாம் தெரிந்துகொள்வது பெருமளவுக்குத் துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் எழுதி வைத்த நாட்குறிப்பால்தான். அரசு முத்திரை எதுவும் இல்லாத வீட்டுக் கணக்குப் புஸ்தகம் மாதிரியான சங்கதி. அவர் இறந்து எண்பத்தைந்து வருஷம் அது வீட்டிலேயே கிடந்தது. 1846-ல் கலுவா மோம்பிரோன் கண்டெடுத்தார், ஏரியேல் படியெடுத்தார். எந்த அதிகாரியும் அதன் மேல் ப.மு. என்று எழுத வாய்ப்பில்லாததால் பிழைத்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சென்னை அரசாங்கம் அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளியிட்டது. பிற்பாதித் தொகுதிகளைப் பதிப்பித்தவர் ஹென்றி டாட்வெல். அவர் 1911-ல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குக் காப்பாளராக வந்தவர். 1909-ல் கட்டி முடித்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் 1670-களிலிருந்து தொடங்கும் காகிதங்கள் இருக்கின்றன. எழும்பூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சட்டத்துக்கு வருவோம். ஆவணங்களை அழிப்பதற்கென்றே இந்தியாவில் 1879-ல் ஒரு சட்டம் வந்தது. அதை எடுத்துவிட்டு 1917-ல் 5-ஆம் எண் சட்டம் கொண்டுவந்தார்கள். மிகச் சிறிய சட்டம். நீதிமன்றக் காகிதங்களுக்கு உயர்நீதிமன்றம், வருவாய்த்துறைக் காகிதங்களுக்கு அத்துறையின் தலைமை அதிகாரம் விதி வகுக்கலாம், அவ்வளவுதான். மாகாணம் முழுக்கப் பதிவறைகளில் நடந்த கிழிப்புக்கெல்லாம் பின்னால் இந்தச் சில வரிகள் நின்றன.

இனி நான் செய்தது.

எண்பதுகளின் தொடக்கம். நான் அப்போது இருந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அந்த வருஷ ஐப்பசி மழையில் பதிவறைக் கூரை ஒழுகிக் கீழ்த்தட்டுக் கட்டுகள் ஊறிவிட்டன. கரையான் வேறு. பதினைந்து நாளில் கெடு முடிந்த கட்டுகளைக் கழித்து இடம் பண்ண வேண்டும் என்று உத்தரவு. பதிவுரு எழுத்தர், இரண்டு உதவியாளர்கள், மேற்பார்வைக்கு நான். வேட்டியை மடித்துக் கட்டி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போவோம். வெளியே வரும்போது தலைமயிர் செம்பட்டையாக இருக்கும்.

ஒவ்வொரு கோப்பையும் பிரித்துப் பார்த்து, உள்ளே வேறு நிலையான கோப்பு இணைந்திருக்கிறதா, நில உரிமை சம்பந்தப்பட்ட உத்தரவு இருக்கிறதா, வகைப்பாடு சரியா என்று பார்த்த பிறகே அழிவுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு கோப்பு தனியாக இருக்காது. அதற்கு முற்கோப்பு இருக்கும், அந்த முற்கோப்பின் வயிற்றில் இன்னொன்று இருக்கும். கட்டுக்குள் கோப்பு, கோப்புக்குள் கோப்பு. வெளி உறையில் ப.மு. என்று இருந்தாலும் உள்ளே கிடப்பது நி.மு.வாக இருக்கலாம். முதல் நான்கு நாள் பிரித்துப் பார்த்தோம். ஐந்தாம் நாள் கணக்குப் போட்டால் இந்த வேகத்தில் பொங்கல் வரை ஆகும் என்று தெரிந்தது. ஆறாம் நாளிலிருந்து கட்டின் மேல் சீட்டை மட்டும் பார்த்தோம். நான் பக்கம் பக்கமாகச் சுருக்கொப்பம் போட்டேன். பதினைந்தாம் நாள் இடம் சுத்தம். பாராட்டும் கிடைத்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து, சமயநல்லூருக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். மஞ்சள் பையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு கோப்பு எண், வருஷம். அவருடைய தகப்பனாருக்கும் சித்தப்பாவுக்கும் நிலத் தகராறு வந்து, தகப்பனார் பக்கம் உத்தரவான கோப்பு அது. இதற்கிடையில் யு.டி.ஆர். வந்து போயிருந்தது. 1979 முதல் 1987 வரை மாநிலம் முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம். அதில் பட்டா சித்தப்பா மகன்கள் பெயரில் ஏறிவிட்டது. திருத்தச் சொல்லி மனுப் போட்டால் பழைய ஆதாரம் கேட்கிறார்கள்.

பதிவறையில் எண் இல்லை. அழிவுப் பதிவேட்டை எடுத்தேன். இருந்தது. நில உத்தரவு என்பதால் நி.மு. ஆக வேண்டிய கோப்புக்கு அந்தக் காலத்துப் பிரிவு எழுத்தர் யாரோ ப.மு. எழுதியிருக்கிறார். அதைப் பிடிக்க வேண்டிய இடத்தில் என் சுருக்கொப்பம். ஆறாம் நாளா ஏழாம் நாளா, தேதியைப் பார்த்தாலே தெரிந்தது. நகல் தாலுகாவுக்குப் போயிருக்குமே என்று அங்கே ஆள் விட்டுக் கேட்டேன். அவர்களுக்கு அது வெறும் தகவல் நகல், ஓ.மு. எங்களுக்கு முன்பே கழித்துவிட்டார்கள். கர்ணம் வீட்டில் ஏதாவது இருக்குமா என்றால், 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியையே ஒழித்தாயிற்று. கணக்குகளை ஒப்படைத்த பழைய கர்ணமும் காலமாகியிருந்தார்.

"அப்ப அந்தக் கடுதாசி எங்கயுமே இல்லையாய்யா?" என்று கேட்டார்.

அழித்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை. "காலக்கெடு முடிஞ்சு கழிச்சுட்டாங்கம்மா" என்றேன். 'கழிச்சுட்டாங்க.' மூன்று தடவை வந்தார். நான்காம் தடவை வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மகள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் இந்த வலைப்பூவை எழுதக் கற்றபோது, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற ஏற்பாடு யாருடைய மூளை என்று தேடிப் படித்தேன். 1965-ல் மல்டிக்ஸ் என்ற அமெரிக்க ஏற்பாட்டுக்காக டேலி, நியூமன் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் மரம்போலக் கிளைவிடும் கோப்பு அடைவு வருகிறது. அதே மல்டிக்ஸுக்கு, மனிதன் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் பகுதிக்கு 'ஷெல்' என்று பெயர் வைத்தவர் லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர். எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி. பிரெஞ்சில் கம்ப்யூட்டர் கோப்புக்கு 'ஃபிஷியே' என்பார்கள். நூலகத்தில் அட்டைகள் அடுக்கிய பெட்டிக்கும் அதே பெயர்தான்.

மல்டிக்ஸுக்குப் பின் 1969-ல் பெல் ஆய்வகத்தில் தாம்ப்சனும் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1971 நவம்பரில் வந்த அதன் முதல் கையேட்டிலேயே கோப்பை அழிக்க 'ஆர்.எம்.' என்ற கட்டளையும், அடைவை நீக்க 'ஆர்.எம்.டிர்.' என்ற கட்டளையும் இருக்கின்றன. இரண்டாவது கட்டளை காலியான அடைவை மட்டுமே நீக்கும். உள்ளே ஒரு கோப்பு இருந்தாலும் மறுத்துவிடும். ஆகவே அடிமட்டக் கிளைக்குப் போய், இலைகளைப் பறித்து, கிளையை ஒடித்து, ஒவ்வொரு படியாக மேலே வர வேண்டும். எங்கள் விதி எழுதியவர்கள் சொன்னதும் இதுதான். உள்கோப்பைப் பிரி, பிறகு வெளிக்கோப்பைத் தொடு. மனிதன் ஆறாம் நாள் அலுத்துப்போவான் என்று தெரிந்தோ என்னவோ, மொத்தமாகக் கீழிறங்கி அழிக்கவும், கேள்வி கேட்காமல் அழிக்கவும் கட்டளைக்கு வால்களும் சேர்த்துவிட்டார்கள்.

யூனிக்ஸில் இன்னொரு விசித்திரம். ஒரு கோப்புக்கு 'எழுதாதே' என்று பூட்டுப் போட்டாலும் அது அழிவிலிருந்து தப்பாது. அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அது இருக்கும் அடைவில் இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்குப் பதிவறைச் சாவி ஞாபகம் வந்தது. கோப்பில் மாவட்ட ஆட்சியரே கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் தட்டிலிருந்து உருவுகிறவன் சாவி வைத்திருக்கும் பதிவுரு எழுத்தர். அதேபோல, ஒரே கோப்புக்கு இரண்டு அடைவுகளில் பெயர் இருந்தால், ஒன்றில் அழித்தாலும் மற்றதில் உயிரோடிருக்கும். கடைசிப் பெயரும் போனால்தான் கோப்பு போகும். அந்த அம்மாவின் கோப்புக்கு இரண்டு பெயர் இருந்தது. தாலுகாவில் ஒன்று போயிற்று, கடைசிப் பெயரை நான் அழித்தேன்.

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் மேல் யாரோ அந்த வால் வைத்த கட்டளையை ஓட்டிவிட, படத்தில் பெரும்பகுதி கண் முன்னாலேயே மறைந்துபோனது. காப்பு நகலும் சரியாக இல்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நகலால் படம் பிழைத்தது. மறுபடியும் வீடு. ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு மாதிரி.

1993-ல் மத்திய அரசு பொது ஆவணச் சட்டம் கொண்டுவந்தது. 1892-க்கு முற்பட்ட எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது, உபயோகப்படாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று தேசிய ஆவணக் காப்பகத் தலைமை இயக்குநர் கருதினால் ஒழிய. விதிமீறி அழித்தால் ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரான்சில் 1793-ல் காகிதத்தை வைத்திருந்தால் ஐந்து வருஷம், இங்கே 200 வருஷம் கழித்து அழித்தால் ஐந்து வருஷம். ஆனால் இந்தச் சட்டம் மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும்தான். நான் பிறந்த காரைக்காலுக்கு உண்டு, வேலை பார்த்த மதுரை மாநில அரசு அலுவலகங்களுக்கு இல்லை.

மாப்பிள்ளை இணையத்தில் தேடி, கோப்புகளின் உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு அனுமதியை வாங்கிவிட்டார். பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் திணறும் என்றும், மேல் ஃபோல்டர்களின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கினால் வழி திறக்கும் என்றும் கண்டுபிடித்தார். எல்லாம் தயார். "அழுத்தட்டுமா மாமா?" என்றார்.

"இருங்க மாப்பிள்ளை. என்னென்ன இருக்குன்னு முதல்ல ஒரு நோட்டுல எழுதுவோம்" என்றேன். முகம் சுருங்கியது, ஆனாலும் உட்கார்ந்தார். அவர் திறந்து வாசிக்க நான் எழுதினேன். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, வைகை ஆற்றில் அழகர் இறங்கியது, பாஸ்போர்ட் போட்டோ, பாஸ்போர்ட் போட்டோ, பாஸ்போர்ட் போட்டோ. ஐந்தாவது அடுக்கில், 'பேக்கப் பழசு'வுக்குள் பெயரே இல்லாமல் 'புதிய ஃபோல்டர் 3' என்று ஒன்று. திறந்தவர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"மாமா, உங்க அறுபதாம் கல்யாணம்."

கலசத் தண்ணீர் தலையில் வழிய நானும் என் மனைவியும். அவள் போய் நான்கு வருஷமாகிறது. அந்த ஆல்பம் வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தோம். நோட்டில் அந்த வரிக்கு எதிரே நி.மு. என்று எழுதினேன். இன்னும் இரண்டு 'பேக்கப்' பார்க்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.